சக்கரத்து நட்டும் நம் உயிரும்

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தேரைப் பற்றிச் சொன்னதாயினும், மாட்டுவண்டி ஓட்டியவர்கள் அதனைத் தம் தொழிலின் முதற்பாடமாகக் கொண்டிருந்தனர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலத்தில், பருத்திப் பொதியும் மிளகாய் மூட்டையும் ஏற்றிய வண்டிகள் விடியுமுன் சந்தைக்குப் புறப்பட்ட காலம் ஒன்று உண்டு. மாட்டை நுகத்தில் பூட்டுமுன் வண்டிக்காரர் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். அச்சுக்கு மை இட்டிருக்கிறதா என்று பார்ப்பார். குடத்துக்கு வெளியே அச்சின் நுனியில் செருகிய கடையாணி தன் இடத்தில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். கடையாணி கழன்றால் சக்கரம் கழலும், சக்கரம் கழன்றால் வண்டி குடைசாயும் என்பது எவரும் எழுதிக் கொடுக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவ்வண்டிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழிச் சாலையாக விரிந்து கிடக்கிறது. அதில் கார்களும் வேன்களும் பேருந்துகளும் விரைகின்றன. பந்தல்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை ஏற்றிய லாரிகள் செல்கின்றன. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிச் சாலைகளில் பள்ளி வேன்களும் ஷேர் ஆட்டோக்களும் சீமைக்கருவேலங்கரி ஏற்றிய சிறு லாரிகளும் ஓடுகின்றன. அன்று கடையாணி சுமந்த பொறுப்பை இன்று சுமப்பவை சக்கரத்தை ஹப்புடன் பிணைக்கும் சில நட்டுகளே. சிறிய காரில் சக்கரத்துக்கு நான்கு அல்லது ஐந்து. பெரிய லாரியில் எட்டு அல்லது பத்து. ஆனால், புறப்படுமுன் அவற்றைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாட்டுவண்டியோடு போய்விட்டது போலும்!

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று கார் இருக்கிறது. கார் இல்லாத குடும்பமும் திருமணத்துக்கும் திருத்தலப் பயணத்துக்கும் வேன் அமர்த்திச் செல்கிறது. ஆகவே, சக்கரத்து நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்பதை மெக்கானிக் மட்டுமே அறிந்தால் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது.

இறுக்கம் என்றால் என்ன?

சாலையோரத்தில் டயர் பஞ்சராகி நிற்கும் வாகனத்தைப் பாருங்கள். உச்சி வெயில்; நிழலுக்கு ஒரு வேப்பமரமும் இல்லை. ஓட்டுநர் ஸ்டெப்னியை மாட்டுகிறார். நட்டுகளைக் கையால் முடுக்கியபின், ஸ்பானரின் கைப்பிடி மீது ஏறி நின்று மிதிக்கிறார். சிலர் அதனோடு ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் சேர்த்து அழுத்துகின்றனர். "இனி அசையாது" என்று மனநிறைவோடு கைகளைத் தட்டிக்கொள்கின்றனர். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் சரியன்று.

பருத்திப் பொதியைக் கயிற்றால் கட்டுவதை நாம் அறிவோம். கயிற்றை இழுத்துக் கட்டும்போது அது சற்றே நீள்கிறது. நீண்ட கயிறு தன் பழைய நீளத்துக்குச் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே பொதியை நெருக்கிப் பிடிக்கிறது. சக்கரத்தின் ஸ்டட் போல்ட்டும் இவ்வாறே செயல்படுகிறது. நட்டைத் திருகும்போது எஃகாலான அந்த ஸ்டட், நம் கண்ணுக்குப் புலப்படாத அளவு நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்க முயன்று, சக்கரத்தின் டிஸ்க்கை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் இரண்டு உலோக முகங்களுக்கும் இடையே எழும் உராய்வே சக்கரத்தை நிலைநிறுத்துகிறது. வாகனத்தின் பாரம் ஸ்டட்டுகளில் தொங்குவதாகப் பலர் நினைக்கின்றனர். முறையாக முடுக்கிய சக்கரத்தில் அந்தப் பாரத்தை ஏற்பது உராய்வே ஆகும்.

ஆகவே, நாம் வேண்டுவது ஸ்டட்டின் சரியான நீட்சி. அதை நேரே அளக்க நம்மால் இயலாது. எனவே, நட்டைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை தேவைப்படுகிறது என்பதை அளந்து, அதைக் கொண்டு நீட்சியைக் கணிக்கிறோம். இதையே மெக்கானிக்குகள் 'டார்க்' என்கின்றனர். நாம் செலுத்தும் விசையில் ஏறத்தாழ 100க்கு 10 பங்கே ஸ்டட்டை நீட்டப் பயன்படுகிறது. 50 பங்கு வரை நட்டின் அடிமுகத்து உராய்விலும், 40 பங்கு வரை மரைகளின் உராய்விலும் கழிந்துவிடுகிறது. மரையில் எண்ணெய் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்குவிசைக்கு ஸ்டட் மிகுதியாக நீளும். மாறாக, துருவும் மண்ணும் ஏறிய மரையில் உராய்வு கூடும். அப்போது கை வலிக்க முடுக்கியும் ஸ்டட் போதிய அளவு நீண்டிராது. மரை தூயதாகவும் உலர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும், வாகனத்தின் கையேடு சொன்னாலன்றி எண்ணெய் இடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

எண்ணிக்கையில் பார்ப்போம்

முறுக்குவிசையை நியூட்டன் மீட்டர் என்னும் அலகால் அளக்கின்றனர். மாருதி சுசுகி நிறுவனத்துச் சிறு கார்கள் பலவற்றுக்கு 85 அல்லது 100 நியூட்டன் மீட்டர் என்றும், டொயோட்டா இன்னோவாவுக்கு 103 என்றும் கையேடுகள் கூறுகின்றன. பெரிய லாரிகளுக்கு இது 600ஐத் தாண்டும். ஒவ்வொரு வாகனத்துக்கும் அதனதன் கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது.

100 நியூட்டன் மீட்டர் என்பது எவ்வளவு? அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் திருப்புவிசை அது. காரோடு தரப்படும் ஸ்பானர் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம் என்று கொண்டால், அதன் நுனியில் 34 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். ஓர் ஆள் கையூன்றி அழுத்தினால் இது எளிதில் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ளவர் அதே ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல். அதாவது வேண்டியதைப்போல் இரு மடங்கு. ஒரு மீட்டர் நீளக் குழாயைச் செருகி அதன் நுனியில் நின்றாலோ ஏறக்குறைய 700. அதாவது ஏழு மடங்கு!

12 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கினால், அந்த ஒரு நட்டே டிஸ்க்கை ஏறத்தாழ 4 டன் விசையோடு அழுத்துகிறது. நான்கு நட்டுகளும் சேர்ந்து 16 டன். ஒரு காரின் மொத்த எடையே ஒன்று அல்லது ஒன்றரை டன்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். சரியான அளவில் முடுக்கிய சக்கரத்துக்கு இதற்கு மேல் வேறு துணை வேண்டியதில்லை.

குறைந்தால் என்ன ஆகும்?

நட்டு தளர்ந்திருந்தால் டிஸ்க்கும் ஹப்பும் ஒன்றன்மேல் ஒன்று மிக நுட்பமாக வழுக்கத் தொடங்குகின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் என்பார் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், திருகாணிகள் தாமே கழல்வதன் காரணத்தை விளக்கினார். ஸ்டட்டின் நீளவாக்கில் ஏற்படும் அதிர்வைக் காட்டிலும், அதற்குக் குறுக்காக நிகழும் வழுக்கலே நட்டைப் பெரிதும் தளர்த்துகிறது என்று அவர் காட்டினார். குறுக்கே வழுக்கும் ஒவ்வொரு முறையும் மரையின் பிடி ஒரு கணம் நெகிழ்கிறது. நட்டு இம்மியளவு பின்னோக்கித் திரும்புகிறது. சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்நூறு தடவைக்கு மேல் சுழல்கிறது. இம்மி இம்மியாகச் சேர்ந்தது சில மணி நேரத்தில் நட்டையே கழற்றிவிடும்.

நட்டு ஒன்று தளர்ந்தால் அதன் சுமை அண்டை நட்டுகள் மீது விழுகிறது. ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து களைப்படைகிறது. மெல்லிய கம்பியைப் பலமுறை வளைத்து முறிப்பதுபோல ஸ்டட்டும் முறிகிறது. டிஸ்க்கின் துளை நீள்வட்டமாகத் தேய்கிறது. "நான்கில் ஒன்றுதானே இல்லை, ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணுவோர், அழுத்தும் விசையில் கால் பங்கு போய்விட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நட்டு தளர்ந்த நிலையில் வாகனம் நெடுந்தொலைவு ஓடியிருந்தால், மீண்டும் முடுக்குவதோடு நின்றுவிடாமல், அச்சக்கரத்தின் ஸ்டட்டுகளையும் டிஸ்க்கின் துளைகளையும் சோதித்து, தேவையானால் மாற்றுவதே முறை.

மிகுந்தால் என்ன ஆகும்?

அறிவு பிறழ்ந்தவனை 'மரை கழன்றவன்' என்று நம் மக்கள் கேலி பேசுவது வழக்கம். மரை ஒருமுறை கெட்டால் பிறகு எந்தப் பிடிப்பும் நில்லாது என்பது அச்சொல்லுக்குள் பொதிந்த தொழிலறிவு. மிகையாக முடுக்குவோர் செய்வது இதுவே. எஃகு ஓரளவு வரையே நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பும். அந்த எல்லையைக் கடந்து இழுத்தால், இழுபட்ட ரப்பர் பட்டை தொய்ந்துபோவதுபோல ஸ்டட்டும் தொய்ந்துபோகும். பிறகு அதற்குச் சுருங்கும் வலிமை இராது. அழுத்திப் பிடிக்கும் ஆற்றலும் இராது. பார்வைக்கு இறுகியதாகத் தோன்றும் நட்டு உண்மையில் தளர்ந்ததாகவே இருக்கும்.

திருகாணிகளின் தலையில் 8.8 என்றும் 10.9 என்றும் எண்கள் பொறித்திருப்பதைக் காணலாம். அவை வலிமையின் குறியீடுகள். 10.9 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் அளவு விசை தாங்கும் எஃகு என்றும், அதில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900 வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்றும் பொருள். மேலே நாம் கணக்கிட்டவாறு 70 கிலோ எடையுள்ளவர் ஸ்பானர் மீது ஏறி நின்றாலே, 12 மில்லிமீட்டர் ஸ்டட் இந்த 900 என்னும் எல்லையை எட்டிவிடுகிறது. மரையில் எண்ணெயும் இருந்தால் எல்லை கடந்துவிடும்.

இத்தகைய எஃகுத் திருகாணிகள் எங்கோ தொலைநாட்டில் உருவாகின்றன என்று எண்ண வேண்டியதில்லை. 1962ல் பதிவாகி 1966ல் சென்னைப் பாடியில் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வரும் சாலையில், நம் விருதுநகர் மாவட்டத்து ஆவியூருக்கு அருகே இயங்குகிறது. வானம் பார்த்த இப்பூமியில், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கையும் பொருட்படுத்தும் தொழில் நடைபெறுகிறது. அவ்வளவு நுட்பமாக உருவான பொருளைச் சாலையோரத்தில் காலால் மிதித்துக் கெடுத்தல் தகுமா?

மிகை முடுக்கத்தின் தீமை இன்னும் உண்டு. நட்டுகளை ஏற்றத்தாழ்வாக அளவு மீறி முடுக்கினால் உள்ளேயுள்ள பிரேக் தட்டு கோணலாகிறது. பின்னர் பிரேக் அழுத்தும்போதெல்லாம் வாகனம் உதறும். மேலும், அடுத்த முறை வழியில் பஞ்சராகும்போது, வீட்டுப் பெண்களோ முதியவரோ அந்த நட்டைக் கழற்ற இயலாமல் நடுவழியில் தவிக்க நேரிடும். அருப்புக்கோட்டையைத் தாண்டி ஆளரவமற்ற கருவேலங்காட்டுச் சாலையில் மாலை மங்கும் நேரத்தில் அவ்வாறு நிற்பது சிறிய துன்பமன்று.

கரிசல் மண் செய்யும் வேலை

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கரிசல் மண் களிம்புபோல் சக்கரத்தில் ஒட்டும். வெயிலில் காய்ந்தால் கல்போல் இறுகும். சக்கரத்தைக் கழற்றும்போது இம்மண் ஹப்பின் முகத்திலும் டிஸ்க்கின் உட்புறத்திலும் படிகிறது. அதைத் துடைக்காமல் சக்கரத்தை மாட்டி முடுக்கினால் என்ன நேரும்?

சரியாக முடுக்கிய ஸ்டட் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டுமே. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிட அது குறைவு. இடையில் சிக்கிய மண்படலமோ துருவோ பழைய பெயிண்ட்டோ, வாகனம் சில கிலோமீட்டர் ஓடியதும் பொடிந்து உதிரும். மயிரிழை அளவு உதிர்ந்தாலும் ஸ்டட் பெற்ற நீட்சி முழுவதும் போய்விடும். நட்டு திரும்பவே இல்லை. ஆயினும் இறுக்கம் இல்லை! மிகச் சரியான அளவில் முடுக்கியவர்கூட இதனால் ஏமாறுவார்.

ஆகவேதான், சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அளவு பார்த்து முடுக்க வேண்டும் என்று அறிந்தோர் வலியுறுத்துகின்றனர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இங்கே டயர் மாற்றிக்கொண்டு புறப்பட்டவர், மதுரை சேர்ந்ததும் வண்டி குளிர்ந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இந்த ஐந்து நிமிடமே பெரும்பாலோர் ஒதுக்காத ஐந்து நிமிடம்.

பிற நாடுகள் கற்ற பாடம்

லாரிச் சக்கரம் ஒன்று டயரோடு சேர்த்து ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது. அது கழன்றால் வாகனத்தின் வேகத்திலேயே உருண்டோடித் துள்ளி, எதிரே வருவோர் மீதோ சாலையோரம் நடப்போர் மீதோ மோதும். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1995ஆம் ஆண்டில், லாரிகளிலிருந்து கழன்ற சக்கரங்கள் மோதி, வேறு வாகனங்களில் சென்றோர் உயிரிழந்தனர். மக்கள் கொதித்தெழுந்தனர். 1997ல் அம்மாநில அரசு கடுமையான சட்டம் இயற்றியது. அதன்படி, வணிக வாகனத்தின் சக்கரம் சாலையில் கழன்றால் உரிமையாளருக்கு 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம். "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

பிரிட்டனில் 2006ல் வெளியான ஆய்வு ஒன்று, கனரக வாகனங்களிலிருந்து ஆண்டுக்கு 150 முதல் 400 வரை சக்கரங்கள் கழல்வதாகவும், அவற்றால் 3 முதல் 7 வரை உயிர்ப்பலி விபத்துகள் நேர்வதாகவும் மதிப்பிட்டது. நம்மைப்போலவே சாலையின் இடப்புறம் செல்லும் அந்நாட்டில், கழன்றவற்றுள் பெரும்பாலானவை இடப்புறப் பின்சக்கரங்களாக இருந்தன என்பதும் குறிக்கத்தக்கது. நம் வாகனங்களிலும் அப்பக்கத்தைச் சற்றுக் கூர்ந்து பார்ப்பது நலம்.

நம் நாட்டிலும் சட்டம் வாளாவிருக்கவில்லை. பாதுகாப்பற்ற நிலையிலுள்ள வாகனத்தை ஓட்டுவதும் ஓட்டச் செய்வதும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றம். ஆயினும், வழியில் கழலப்போகும் நட்டை எந்த அதிகாரியும் உடன் வந்து பார்க்க முடியாது. வண்டியில் இருப்பவரே பார்த்தாக வேண்டும்.

செய்யும் முறை

சக்கரத்தை மாட்டுமுன் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் கம்பித் தூரிகையாலும் துணியாலும் துடையுங்கள். ஸ்டட்டின் மரையிலுள்ள மண்ணையும் அகற்றுங்கள். நட்டின் ஒருபுறம் கூம்பாகச் சரிந்திருந்தால், அக்கூம்பு முகம் சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எவ்வளவு முடுக்கினும் பயனில்லை. இரும்பு டிஸ்க்குக்கு உரிய நட்டை அலாய் சக்கரத்துக்குப் பயன்படுத்துமுன் அது பொருந்துமா என்று அறிந்துகொள்ளுங்கள்.

நட்டுகளை முதலில் கையாலேயே சில சுற்றுத் திருப்புங்கள். கையால் திரும்பாத நட்டை ஸ்பானரால் வலிந்து திருப்பினால் மரை கடித்துக்கொள்ளும். பின்னர் ஒன்றை முடுக்கியதும் அடுத்ததற்குச் செல்லாமல், எதிர்ப்புறத்து நட்டுக்குச் செல்லுங்கள். ஐந்து நட்டுகள் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக, விண்மீன் வரைவதுபோல் சுற்றி வாருங்கள். வரிசையாக முடுக்கினால் டிஸ்க் ஒருபுறம் சாய்ந்து அமரும். முதற்சுற்றில் பாதியளவும், ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டபின் இரண்டாம் சுற்றில் முழு அளவும் முடுக்குங்கள்.

இறுதி முடுக்குக்கு ஏற்ற கருவி 'டார்க் ரெஞ்ச்' எனப்படும் அளவுகாட்டும் ஸ்பானர். வேண்டிய எண்ணை அதில் வைத்துத் திருப்பினால், அந்த அளவை எட்டியதும் 'டிக்' என்று ஒலிக்கும். அவ்வொலி கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒருமுறை என்று அழுத்தலாகாது. நட்டைக் கழற்றுவதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்தபின் அளவைக் கீழ் எண்ணுக்குக் குறைத்து வைக்க வேண்டும். இக்கருவியை 1918ல் உருவாக்கியவர், நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பார். நிலத்தடிக் குழாய்களின் இணைப்புத் திருகுகளைத் தொழிலாளர்கள் அளவு மீறி முடுக்கிக் கெடுத்துவிடாதிருக்க அவர் கண்ட வழி அது. நெடுந்தொலைவிலிருந்து குழாயில் வரும் குடிநீரை எதிர்நோக்கி வாழும் நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

டயர்க் கடைகளில் 'ஏர் கன்' கொண்டு நொடியில் முடுக்கிவிடுகின்றனர். விரைவுக்கு அது உதவும். ஆனால் எந்த அளவில் நிற்கிறது என்பதை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. அதன் பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு முடிக்குமாறு கேட்பது நம் உரிமை. முன்பே அளவு மீறி முடுக்கிய நட்டில் டார்க் ரெஞ்ச்சை வைத்தாலும் 'டிக்' என்றுதான் ஒலிக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, ஏர் கன்னால் மெல்லவே இறுக்கிவிட்டு, மிச்சத்தை அளவோடு முடிப்பதே முறை.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர் என்ன செய்வது? பருத்தியும் மிளகாயும் மல்லியும் நிறுக்கும் சுருள்வில் தராசு நம் ஊர்க் கடைகளில் உண்டு. நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீட்டர் தொலைவில், ஸ்பானரின் கைப்பிடியில் தராசின் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 20 கிலோ காட்டும்போது முறுக்குவிசை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். 85 வேண்டுமாயின் 17 கிலோவை அடுத்து நிறுத்துங்கள். ஒருமுறை இவ்வாறு செய்து பார்த்தவருக்கு, தம் கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். வழியில் வேறு கதியில்லாதபோது, வண்டியோடு வந்த ஸ்பானரைக் கையால் மட்டுமே அழுத்தி முடுக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிச் சென்று அடுத்த ஊர்க் கடையில் அளவு பார்த்துக்கொள்ளலாம். காலும் வேண்டா, குழாயும் வேண்டா.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

லாரிக் கிளீனர்கள் நிறுத்தத்தில் இறங்கி டயரையும் நட்டையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். தளர்ந்த நட்டு மந்தமாக ஒலித்துக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அவ்வொலி அளவைச் சொல்லாது. அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. சரியாக முடுக்கியபின், நட்டின் மீதும் அதையடுத்த டிஸ்க்கின் மீதும் சேர்த்து வெள்ளை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு சிறிது திரும்பினாலும் கோடு விலகித் தெரியும். பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் இதைப் பார்த்துச் சொல்லிவிடுவான். நட்டு திரும்பாமலே இறுக்கம் குறைவதும் உண்டென்று மேலே கண்டோம். ஆகவே, கோடு இழுத்துவிட்டோம் என்று மறுமுடுக்கைக் கைவிடலாகாது.

நட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத் துருக்கோடு கதிர்போல் பரவியிருந்தால், அங்கே உலோகம் உலோகத்தோடு உரசுகிறது என்று அறியலாம். மெதுவாகச் செல்லும்போது சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்னும் ஓசை எழுந்தாலோ, ஸ்டியரிங் காரணமின்றி அதிர்ந்தாலோ, உடனே ஓரமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். "இன்னும் பத்துக் கிலோமீட்டர்தானே" என்று போகலாகாது.

ஆகஸ்டு 29ல் வேளாங்கண்ணியில் கொடியேறியதும் நம் பங்குகளிலிருந்து எத்தனையோ வேன்கள் புறப்படுகின்றன. ஓரியூருக்கும் இடைக்காட்டூருக்கும் ஆண்டு முழுதும் குடும்பங்கள் செல்கின்றன. ஒவ்வொரு வேனிலும் பதினைந்து இருபது பேர், மடியில் குழந்தைகள். பயணத்துக்கு முந்திய நாள்தான் பெரும்பாலும் டயர் மாற்றுகிறார்கள். மாற்றியபின் மறுமுடுக்கு வேண்டிய அந்த முதல் 100 கிலோமீட்டர், உறங்கும் குழந்தைகளோடு இரவில் கழிகிறது.

இதைத் தவிர்க்கச் செலவு ஒன்றும் இல்லை. டயர் மாற்றும் வேலையைப் பயணத்துக்குச் சில நாள் முன்னரே செய்யச் சொல்லலாம். புறப்படும்போது, "அண்ணே, வீல் நட்டெல்லாம் அளவு பார்த்தாச்சா? எங்கே நிறுத்தி மறுபடி பார்க்கப் போறீங்க?" என்று ஓட்டுநரை மரியாதையோடு கேட்கலாம். நல்ல ஓட்டுநர் அதைக் குறையாக எண்ணமாட்டார்; தம்மைப்போலவே வண்டியை மதிக்கும் ஒருவர் உடன் வருகிறார் என்றே மகிழ்வார். தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் அவர் ஸ்பானரோடு இறங்கினால், "நேரமாகிறது" என்று அவரை விரைவுபடுத்தாமல் பொறுத்திருப்பது நம் பங்கு. முடிந்தால் கைவிளக்கைப் பிடித்து அவருக்கு உதவுவோம்.

இல்லத்தில் கார் வைத்திருப்போர், தம் வாகனக் கையேட்டைத் திறந்து, சக்கர நட்டுக்கு உரிய முறுக்குவிசை எண்ணை இன்றே குறித்து, அத்தாளை ஸ்டெப்னிக்கு அருகே ஒட்டிவைப்பார்களாக. இளைஞர் குழுக்கள் ஒன்றுகூடி ஒரு டார்க் ரெஞ்ச்சை வாங்கி, பங்கிலுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாகப் பயன்படுத்தலாம். ஆண்டுக்குச் சில முறையே தேவைப்படும் கருவிக்கு இது ஏற்ற வழி. எண்ணை அறிந்து, அந்த எண்ணில் நிறுத்தி, 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் பார்த்தால், அந்தச் சக்கரத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.